காப்பீடு உங்கள் வயலைப் பார்ப்பதில்லை

சூளகிரிப் பக்கம் மானாவாரியில் ராகியும் ஊடுபயிராக அவரையும் போடுகிறவன் நான். வறட்சிக்குப் பயந்து வருஷா வருஷம் காப்பீடு கட்டியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அளவு எங்கே எடுக்கிறார்கள்? 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரீப் உணவுப் பயிருக்கு நாம் கட்டுவது 2 சதவீதம். 10,000 ரூபாய் காப்பீட்டுக்கு 200 ரூபாய். வறட்சி இழப்பை ஆளுக்கு ஆள் கணக்குப் பார்ப்பதில்லை. கிராமம் அல்லது பிர்காவின் சராசரி மகசூல்தான் கணக்கு. உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ, கிடைத்தது 600 என்றால் காப்பீட்டுத் தொகையில் 40 சதவீதம் வரும். என் காடு காய்ந்து, மற்ற காடுகள் தேறிவிட்டால் எனக்கு ஒன்றும் வராது.

எல்லை தாண்டினால் வேறு கணக்கு. கோலார் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் மச்சானுக்கு வானிலை அடிப்படைக் காப்பீடு. அங்கே மகசூலை யாரும் எடை போடுவதில்லை. மழைமானி காட்டுவதுதான் தீர்ப்பு. "மானி இருக்கிற இடத்தில் பெய்து, என் தோப்பில் பெய்யலைன்னா போச்சு மாமா" என்பார். எந்த மானி, எந்த மாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரசீது கையில் இருக்கட்டும். 2020 காரீப் முதல் கடன் வாங்கியவருக்கும் காப்பீடு கட்டாயமில்லை. பேங்கில் பிடித்திருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ரசீதில் சர்வே எண், பயிர், பரப்பு மூன்றும் அடங்கலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

விதைக்கவே முடியாவிட்டால்? மழை பொய்த்து ஊரில் பெரும்பாலோர் விதைக்க முடியவில்லை என்று அரசு அறிவித்தால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். அத்தோடு அந்தப் பருவத்துப் பாலிசி முடிந்தது. பின்மழைக்குக் கொள்ளு தெளித்தால் அதற்குத் தனியாகத்தான் கட்ட வேண்டும்.

72 மணி நேரம். ஆலங்கட்டி மழை அடித்தாலோ, அறுத்துக் காயப்போட்ட ராகி 14 நாளுக்குள் பருவம் தப்பிய மழையில் நனைந்தாலோ அது தனி வயல் கணக்கில் வரும். அந்த 72 மணி நேரத்துக்குள் 14447-க்குப் போன் போட்டுவிடுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள்.

அறுவடைப் பரிசோதனைக்குப் போங்கள். ஊரில் ஏதோ சில வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். ஊர் முழுக்கப் பணம் வருமா வராதா என்பது அந்தத் தராசில்தான் இருக்கிறது. நம் வயல் இல்லையே என்று வீட்டில் இருக்காமல் நாலு பேராகப் போய் நில்லுங்கள்.