மலைக்குத் தவணை தேதி கிடையாது



உங்கள் குழுவின் தீர்மான நோட்டையும் கடன் பேரேட்டையும் எடுத்துப் பாருங்கள். மாடு வாங்கக் கடன், மகன் காலேஜ் ஃபீஸ், மகள் சீர்வரிசை, வீட்டுக்காரர் வண்டி ரிப்பேர், மாமியார் ஆஸ்பத்திரிச் செலவு. கையெழுத்து நம்முடையது, தவணை கட்டுவது நாம். ஆனால் "எனக்காக" என்று எழுதிய வரி எத்தனை இருக்கிறது? பல குழுக்களில் ஒன்றுகூட இருக்காது.

குடும்பத்துக்குச் செய்வது தப்பில்லை. ஆனால் ஒரு பெண், யாரும் சொல்லாமல், தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொண்டு அதை முடித்துப் பார்க்கலாமா? இந்த மாதப் பாடம் அதுதான். இதைச் சொல்லித்தர மலைகளைப் பட்டியல் போட்டு ஏறிய சில பெண்களைப் பார்ப்போம்.

ஏழு மலைப் பட்டியல்

உலகத்தில் ஏழு கண்டங்கள் உண்டு. கண்டம் என்றால் மிகப் பெரிய நிலப்பகுதி. ஒவ்வொரு கண்டத்திலும் உள்ள மிக உயர்ந்த மலையில் ஏறி முடிப்பதை மலையேறுபவர்கள் ஒரு சவாலாக வைத்திருக்கிறார்கள். பட்டியல் இதுதான்:

1. ஆசியா – எவரெஸ்ட், 8,849 மீட்டர்
2. தென் அமெரிக்கா – அக்கோன்காகுவா, 6,961 மீட்டர்
3. வட அமெரிக்கா – தெனாலி, 6,190 மீட்டர்
4. ஆப்பிரிக்கா – கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர்
5. ஐரோப்பா – எல்பிரஸ், 5,642 மீட்டர்
6. அண்டார்டிகா – வின்சன், 4,892 மீட்டர்
7. ஆஸ்திரேலியா – கோசியஸ்கோ, 2,228 மீட்டர்

கடைசி மலையைக் கவனியுங்கள். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைவிட கோசியஸ்கோ உயரம் குறைவு! உலகச் சாதனைப் பட்டியலிலும் நமக்கு எட்டுகிற மாதிரி ஒரு மலை இருக்கிறது. (சிலர் இதற்குப் பதிலாக இந்தோனேசியாவில் உள்ள 4,884 மீட்டர் கார்ஸ்டென்ஸ் மலையைக் கணக்கில் எடுப்பார்கள்.)

நம்ம பக்கத்து மாவட்டத்துப் பெண்

இந்த ஏழையும் முடித்தவர்களில் ஒருவர் முத்தமிழ்ச்செல்வி. பிறந்தது விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டி. நம்ம கல்லுப்பட்டிக்குப் பக்கத்து மாவட்டம். நம்மைப் போலவே கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்தவர். சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய்.

எடுத்த எடுப்பிலேயே அவர் எவரெஸ்டுக்குப் போகவில்லை. முதலில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 155 அடி குன்று ஒன்றில் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கிக் காட்டினார். அப்புறம் பனிமலைப் பயிற்சி. பணம் பெரிய தடையாக இருந்தது. வெட்கப்படாமல் கேட்டார். தமிழக அரசும் நிதி உதவி கொடுத்தது. 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் என்று பெயர் வாங்கினார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் கல்பனா சாவ்லா விருதும் கிடைத்தது. அதோடு நிற்காமல் பட்டியலில் ஒவ்வொன்றாக முடித்தார். 2025ல் தெனாலி மலையில் பனிப்புயலில் சிக்கி, பத்திரமாக இறங்கி வந்தார்.

கூலி வேலை செய்பவரின் மகள்

தெலங்கானா, நிஜாமாபாத் மாவட்டம், பாகாலா கிராமம். அங்கே விவசாயக் கூலிகளின் மகள் பூர்ணா மாலாவத். அரசு நலப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை. முதல் பயிற்சி புவனகிரி பாறையில். பிறகு டார்ஜிலிங், அதன் பிறகு லடாக். சின்னதிலிருந்து பெரியதுக்குத்தான் போனார். 2014 மே 25ல் எவரெஸ்ட் ஏறியபோது வயது 13 வருடம் 11 மாதம். ஏழு மலையும் முடிந்தது 2022ல். எட்டு வருடம் ஆயிற்று.

ஜப்பான் நாட்டு ஜுன்கோ தபெய் இன்னும் மெதுவாகப் போனவர். 1975 மே 16ல் எவரெஸ்ட் ஏறிய உலகின் முதல் பெண். அப்போது வீட்டில் சின்னக் குழந்தை. பயணச் செலவுக்காகப் பியானோ சொல்லிக்கொடுத்தார். பணம் பத்தாமல் பழைய கார் சீட் உறையை வெட்டிக் கையுறை தைத்தார்கள். உச்சிக்குப் போவதற்குச் சில நாள் முன்பு பனிச்சரிவு வந்து கூடாரத்தோடு மூடியது. உயிர் தப்பி எழுந்து மறுபடி ஏறினார். ஏழு மலையையும் அவர் முடித்தது 1992ல். பதினேழு வருடம்!

முத்தமிழ்ச்செல்விக்கு 2 வருடம், பூர்ணாவுக்கு 8 வருடம், தபெய்க்கு 17 வருடம். மூவரும் முடித்தவர்கள்தான். நமக்கு எல்லாவற்றுக்கும் தவணை தேதி உண்டு. தேதி தப்பினால் அபராதம், குழுவில் பேச்சு. தனக்காக எழுதும் பட்டியலுக்கு மட்டும் அது கிடையாது. இந்த வருடம் முடியலையா? பேறுகாலமா? அறுவடையா? மலை அங்கேயேதான் இருக்கும். பட்டியல் நம் கையில் இருந்தால் போதும்.

"சேலை கட்டிக்கிட்டு எப்படிங்க?"

இந்தக் கேள்வி வரும். பொலிவியா என்று ஒரு மலை நாடு. அங்கே அய்மாரா இனப் பெண்கள் மலையேற வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமையல் செய்வதும் சாமான் சுமப்பதுமாக இருந்தார்கள். வருடக்கணக்கில் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள், "மேலே என்னதான் இருக்கிறது, நாமும் பார்ப்போமே" என்று 2015ல் ஒரு குழுவாகக் கிளம்பினார்கள். 6,088 மீட்டர் உயரமுள்ள ஹுவாய்னா போட்டோசி மலையில் ஏறினார்கள். தங்கள் வழக்கமான அகலப் பாவாடையோடு! பாதுகாப்புக்குப் பனிக்காலணியும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டார்கள். 2019 ஜனவரியில் நம் பட்டியலில் உள்ள அக்கோன்காகுவா உச்சியையும் அடைந்தார்கள். உடையை மாற்றச் சொல்லி ஊர் கேட்டாலும் சரி, மாற்றாதே என்று ஊர் சொன்னாலும் சரி, காலும் மூச்சும் நம்முடையது.

நம்ம பட்டியல்

எவரெஸ்டுக்குப் பல லட்சம் வேண்டும். நமக்கு அது வேண்டாம். நம்ம சுற்றுவட்டாரத்தில் ஒரு மாதிரிப் பட்டியல்:

1. தேவன்குறிச்சி மலை
2. திண்டுக்கல் மலைக்கோட்டை
3. பழனி (விஞ்ச் இல்லாமல், படி வழியாக)
4. அழகர்மலை (நூபுர கங்கை வரை நடந்து)
5. சதுரகிரி

இதில் சிலதுக்கு நீங்கள் ஏற்கெனவே போயிருப்பீர்கள். பிள்ளைக்கு மொட்டை, வீட்டுக்காரர் உடம்புக்கு நேர்த்திக்கடன் என்று. இந்த முறை அதே மலைக்கு உங்களுக்காகவும் போங்கள். சாமி கோவிச்சுக்காது.

புறப்படும் முன்

முதலில் ரத்தம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மலை ஏறும்போது காலுக்கு ஆக்சிஜனைக் கொண்டு போவது ரத்தம்தான். ரத்தம் குறைந்தால் நாலு படியிலேயே மூச்சு வாங்கும், தலை சுற்றும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்படி சத்து மாத்திரை சாப்பிடுங்கள். மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. பிரஷர், சர்க்கரை, இருதயக் கோளாறு, முழங்கால் வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

இரண்டாவது நடை. "காட்டு வேலைதான் செய்யுறோமே" என்பீர்கள். களை எடுக்கும்போது முதுகுக்கு வேலை. மலை ஏறும்போது மூச்சுக்கும் தொடைக்கும் வேலை. வாரம் நாலு நாள், 20 நிமிடத்தில் தொடங்கி, எட்டு வாரத்தில் ஒரு மணி நேரம் வரை நடங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

மூன்றாவது பணம். வாரம் 20 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் வருடத்துக்கு 1,040 ரூபாய். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்காமல் போய் வரலாம். இதைக் குழுச் சேமிப்போடு கலக்காமல் தனிக் கணக்காக வையுங்கள்.

நான்காவது அனுமதி. 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். கோடையில் தீ, மழையில் ஓடை, இரண்டும் ஆபத்து. வனத்துறை அனுமதித்த நாளில், அனுமதித்த பாதையில் மட்டும் போங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை, உள்ளூர் வழிகாட்டிகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். எளிதில் தொடங்குங்கள்.

திரும்பி வருவதும் பாடம்தான்

எவரெஸ்டில் ஏறுபவர்கள் ஒரு நேரம் குறித்து வைப்பார்கள். பெரும்பாலும் பகல் 2 மணிக்குள். அதற்குள் உச்சி வராவிட்டால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஏனென்றால் விபத்து நிறைய நடப்பது இறங்கும்போது. நாமும் விடியற்காலை கிளம்பி, திரும்பும் நேரத்தை முதலிலேயே பேசி வைப்போம். ஒருவருக்கு முடியவில்லை என்றால் இருவர் அவரோடு இறங்க வேண்டும். யாரையும் தனியாக விடக்கூடாது. கேலியும் கூடாது. திரும்பியவர் பெயருக்கு எதிரே "அடுத்த முறை" என்று எழுதுங்கள். தோற்றார் என்று எழுதாதீர்கள்.

மலை பிடிக்காதவர்கள் வேறு பட்டியல் எழுதலாம். சைக்கிள் கற்றுக்கொள்வது, பத்தாம் வகுப்பு எழுதுவது, நீச்சல் பழகுவது. விதி ஒன்றுதான்: சின்னது முதலில், பெரியது கடைசியில். அது உங்களுக்காக இருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்காக மட்டும் செய்தது என்ன?
2. ஐந்து வரிப் பட்டியல் எழுதச் சொன்னால் முதல் வரி என்ன?
3. அந்த ஒரு நாள் வீட்டு வேலையை யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் இதை எப்படிப் பேசுவீர்கள்?
4. குழுவில் யாருக்கெல்லாம் இன்னும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை?

எழுதத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் எழுதிக்கொடுக்கவும். பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். முடித்ததை டிக் அடித்து, கூட்டமைப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மற்ற குழுக்களுக்கும் சொல்லுவோம்.