நீச்சல் குள ரோபோ சுவர் ஏறவில்லையா?

திருவள்ளூர், செவ்வாப்பேட்டை பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கு நீச்சல் குளக் குளோரின் கொடுக்கும் வியாபாரியிடம், குளம் துடைக்கும் ரோபோ மெஷினைப் பற்றியும் கேட்கத்தான் செய்வார்கள். "மெஷின் ரிப்பேர்" என்றதும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பல நேரம் அது வெறும் அடைப்புதான்.

தரையில் ஓடுகிறது, சுவரில் ஏறவில்லை என்றால் வடிகட்டியைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் பம்பு அடியில் நீரை உறிஞ்சி மேலே தள்ளுவதால்தான் மெஷின் சுவரோடு ஒட்டுகிறது. வடிகட்டி அடைத்தால் பிடிப்பு போய்விடும். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் அலசச் சொல்லுங்கள். அலசியும் வழுக்கினால் சுவரில் பாசி, அல்லது பிரஷ் தேய்மானம். பாசி என்றால் நீரின் பி.எச். 7.2 முதல் 7.6க்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குளோரின் விற்பது நியாயம். குளோரின் தூளைக் கொட்டும்போது மெஷின் வெளியே இருக்கட்டும்.

நீருக்கு வெளியே ஓட்டிப் பார்க்கக் கூடாது, சீல் கெடும். கேபிள் முறுக்கினால் வெயிலில் நேராக விரித்துப் போட்டால் போதும். ஆனால் இ.எல்.சி.பி. விழுந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். மெஷின் ஓடும்போது குளத்தில் ஆள் இறங்கவே கூடாது.

நம் கடைக்கும் ஒன்று: பிளீச்சிங் பவுடரையும் டிரைகுளோர் மாத்திரையையும் "இரண்டும் குளோரின்தானே" என்று ஒரே கரண்டியால் அள்ளாதீர்கள். கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். தனித்தனி அலமாரி, தனித்தனி கரண்டி.