கிளட்ச் இல்லாத காரில் கியர் யார் கையில்?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மெக்கானிக் பட்டறை. ஆட்டோமேட்டிக் கார் ஒன்றின் கியர்பாக்ஸைத் திறந்து போட்டிருந்தார்கள். அடித்தட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு அலுமினியப் பலகை வந்தது. அதன் முகம் முழுக்கச் சிக்குக்கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள். வால்வ் பாடி என்பது இதுதான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியிருந்தது. கருகிய வாடை வேறு.

வண்டிக்காரர் கேட்டார்: "அண்ணே, செலவு பண்றதுதான் பண்றோம், இதையே மேனுவலா மாத்திக் குடுத்துடுங்களேன். ஏற்காட்டுல இறங்கறப்ப வண்டி நம்ம பேச்சக் கேக்கவே மாட்டேங்குது."

புதுச்சேரியில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. நம் ஊர் தட்டையான ஊர். மிஷன் வீதி நெரிசலில் இடது காலுக்கு வேலை இல்லை என்பதே பெரிய நிம்மதி. அதே கார் லீவுக்கு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஏற்காட்டின் 20 வளைவுகளிலோ ஏறி இறங்கும்போதுதான் கியர் நம் கையில் இருந்தால் தேவலையே என்று தோன்றுகிறது. ஆசை நியாயமானது. அதைச் சுற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள்தான் பணத்தையும் கியர்பாக்ஸையும் தின்கின்றன.

நம்பிக்கை: வால்வ் பாடியை மாற்றினால் எந்த ஆட்டோமேட்டிக்கும் மேனுவலாகிவிடும்.

இது முழுப் பொய் இல்லை. அமெரிக்காவில் கால் மைல் பந்தயக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. 1964-இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400 போன்ற பழைய கியர் பெட்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. எண்ணெய் அழுத்தம்தான் மூளை. வண்டியின் வேகம் கூடக்கூட கவர்னர் என்ற உறுப்பிலிருந்து வரும் அழுத்தம் வால்வை ஒரு பக்கம் தள்ளும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னொரு அழுத்தம் எதிர்ப்பக்கம் தள்ளும். எது ஜெயிக்கிறதோ அதன்படி கியர் மாறும். இந்தப் போட்டியையே எடுத்துவிட்டு, லிவர் நிற்கும் இடத்துக்கு மட்டும் எண்ணெய் போகும்படி வாய்க்காலைத் திருத்தினால் முழு மேனுவல். அப்படித் திருத்திய பெட்டிகள் பலவற்றில் கியர் வரிசையையே தலைகீழாக்கி நியூட்ரலுக்கு அடுத்து 1, 2, 3 என்று வைப்பார்கள். வேகத்தில் லிவரைத் தள்ளும்போது தவறி நியூட்ரலில் விழக்கூடாதே.

ஆனால் அது பந்தயத் தடத்துக்கான வண்டி. சிக்னலில் நின்றால் தானாக முதல் கியருக்கு இறங்காது. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் காரில் கவர்னருக்குப் பதில் சொலினாய்டுகள் என்ற மின்சார வால்வுகளும், அவற்றை ஆட்டிவைக்கும் கண்ட்ரோல் யூனிட்டும் இருக்கின்றன. ஒரு கிளட்ச் தகடு விடுகிற அதே கணத்தில் இன்னொன்று பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பிடித்தால் பெட்டி இறுகும். இரண்டும் விட்டால் இன்ஜின் வெறுமனே அலறும். வெளியிலிருந்து ஒரு சுவிட்சைப் போட்டு இந்தக் கணக்கில் கை வைத்தால் தகடு கருகும். கருகினால் வருவது அந்த டிகாக்‌ஷன் எண்ணெய்தான்.

நம்பிக்கை: கிளட்ச் மிதி இல்லாத வண்டியெல்லாம் ஒரே ஜாதி.

இல்லவே இல்லை. மேலே சொன்னது டார்க் கன்வெர்ட்டர் வகை. ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) என்பது உள்ளுக்குள் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரைத் தள்ளுவதையும் நமக்குப் பதில் ஒரு இயந்திரக் கை செய்கிறது. 2014-இல் மாருதி செலேரியோவோடு இது இந்தியாவுக்கு வந்தபோது புதுமையாகப் பார்த்தோம். நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களோ 1955-லேயே சித்ரோயன் டி.எஸ். காரில் கிளட்ச் மிதியை எடுத்துவிட்டார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய லிவர்; ஓட்டுநர் கியரைத் தேர்ந்தெடுத்தால் போதும், மற்றதை எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே ஏ.எம்.டி.யை "மேனுவலாக மாற்ற" எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றில் லிவரில் எம் (மேனுவல்) என்ற இடமும் பிளஸ், மைனஸும் கம்பெனியே கொடுத்திருக்கிறது. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட் மாதிரி விதிவிலக்கும் உண்டு: அதன் ஏ.எம்.டி.யில் வந்தது ஆர், என், டி மட்டும் கொண்ட ஒரு திருகு குமிழ். அந்த வசதி வேண்டுமென்றால் வண்டி வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும்.

சி.வி.டி. கதை வேறு. அதில் தனித்தனி கியர்களே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு எஃகு பெல்ட். 2014 ஹோண்டா சிட்டி சி.வி.டி.யில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டினால் ஏழு கியர் காட்டும். அந்த ஏழும் கம்ப்யூட்டர் கப்பியை நிறுத்திவைக்கும் ஏழு இடங்கள்.

நம்பிக்கை: பேடில் ஷிப்டர் வாங்கி மாட்டினால் கதை முடிந்தது.

கடையில் விற்பவற்றில் பல, ஏற்கெனவே இருக்கும் பேடில் மேல் ஒட்டும் அலங்காரத் தகடு. அதே மாடலின் உயர்ந்த ரகத்தில் பேடில் இருந்து, உங்கள் வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டிலும் அந்த புரோகிராம் இருந்தால் அசல் பாகம் வேலை செய்ய வாய்ப்புண்டு. புரோகிராம் இல்லையென்றால் செய்யாது. ஒயரை வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஏர்பேக் இணைப்பும் அதே ஸ்டீயரிங்குக்குள்தான் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாரண்டியும் போகும், இன்சூரன்ஸ் கோரும்போது கேள்வியும் வரும்.

நம்பிக்கை: எம் போட்டால் முழு அதிகாரம் நமக்கு.

நாம் கேட்கிறோம், பெட்டி முடிவெடுக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியர் கேட்டால் தராது. வண்டி நின்றால் தானே கீழே இறங்கிக்கொள்ளும். இன்ஜினைக் காப்பாற்றத்தான் இந்த மறுப்பு.

நம்பிக்கை: ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் பிரேக் கிடையாது, இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோலாவது மிச்சம்.

உயிருக்கு ஆபத்தான நம்பிக்கை இது. கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது, இன்ஜின் வண்டியைப் பிடிக்கிறது. நியூட்ரலில் ஐடிலுக்குப் பெட்ரோல் செலவாகும், பிடிமானமும் போகும், எடை முழுக்க பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறி மிதி ஆழமாகப் போக ஆரம்பித்தபின் யோசிக்க நேரம் இருக்காது. பழைய லாரிக்காரர்களின் கணக்கே இதற்கும் போதும்: ஏறிய கியரிலேயே இறங்கு.

நெல்லித்தோப்பில் மெக்கானிக் பதில் எதுவும் சொல்லாமல் வண்டிக்குள் உட்கார்ந்து, லிவரை டி-க்குக் கீழே இழுத்துக் காட்டினார். 2, அதற்கும் கீழே எல். ஆறு வருஷமாக ஓட்டுகிறவர் அந்த இரண்டையும் ஒரு முறைகூடத் தொட்டதில்லையாம். "முதல் வளைவு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டுல போட்டுடுங்க. போதலைன்னா, வேகத்தக் கொறச்சுட்டு எல்." கருகிய தகடுகளை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அலுமினியப் பலகையைத் துடைக்க உட்கார்ந்தார்.