விமான நிலையத்தில் பக்கத்தில் இருப்பவர்கள்

கண்டிக்குத் திரும்பும் உங்களில் பலர் அன்று படகில் போனவர்கள். விமானம் இதுவே முதல் தடவையாக இருக்கலாம். சென்னையிலோ திருச்சியிலோ காத்திருக்கும்போது மற்றப் பயணிகளைக் கவனியுங்கள். சோதனையில் முன்னால் நிற்பவர் பெல்ட்டையும் போனையும் தட்டில் வைப்பதைப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஆனால் எல்லாவற்றையும் பார்த்துச் செய்ய வேண்டாம். அழைப்பதற்கு முன்பே ஒரு கூட்டம் எழும்பி வரிசையில் நிற்கும். உங்கள் இருக்கை எண் போர்டிங் பாசில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதை யாரும் பிடிக்க முடியாது. முதியவர்கள் உட்கார்ந்திருக்கட்டும்.

தமிழ்நாட்டுக்கும் கொழும்புக்கும் இடையில் சாமான் கொண்டுபோய்ப் பிழைப்பவர்களைக் 'குருவி' என்பார்கள். எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். ஆனாலும், "அக்கா, எனக்கு நிறை கூடிப்போச்சு, இந்தப் பையை மட்டும் கொண்டு வாங்க, வெளியில வாங்கிக்கிறேன்" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். முறை சொல்லிக் கேட்பவரிடம் 'இல்லை' என்பது நமக்குக் கஷ்டம்தான். சுங்கத்தில் பை யார் கையில் இருக்கிறதோ, பதில் சொல்ல வேண்டியவர் அவரே. வற்புறுத்தினால் அருகிலுள்ள அதிகாரியிடம் சொல்லுங்கள்.

கட்டுநாயக்கவில் சக்கரம் தரையில் பட்டதுமே பலர் எழும்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். பயண ஆவணங்களும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ள கைப்பை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைப் பெரிய பொதியில் போட்டு அனுப்பவே கூடாது. குடிவரவு மேசையில் கேட்பார்கள், பொதி கிடைப்பது அதற்குப் பிறகுதான்.

கண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரமளவு ரோட்டுப் பயணம் உண்டு. கடுகண்ணாவை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரலாம். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை, விமானத்திலேயே இரண்டு கடதாசிப் பைகள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.