மூத்திரப்பையை மட்டும் குறை சொல்லாதீர்கள்

பார்க்கின்சன் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் பகலைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். கை நடுக்கம் குறைஞ்சிருக்கா, நடக்கிறாரா, சாப்பிடுறாரா என்பார்கள். ராத்திரியை யாரும் கேட்பதில்லை. கடம்பூரில் எங்கள் வீட்டில் என் கணவரை ஆட்டிப்படைத்தது ராத்திரிதான். படுத்தால் விடிவதற்குள் நாலைந்து தடவை ஒண்ணுக்கு எழுந்திருப்பார். எங்களுக்குக் கழிப்பறை புறவாசலில். விறைத்த கால், இருட்டு, அடக்க முடியாத அவசரம் எல்லாம் சேர்ந்தால் இடுப்பெலும்பு தப்பாது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயசு, சுகர், பிராஸ்டேட். எதையும் தள்ளிவிட முடியாது. சுகரையும் சிறுநீர்த் தொற்றையும் பிராஸ்டேட்டையும் கோவில்பட்டியிலேயே பார்த்துவிடலாம். பார்க்கின்சனும் தன் பங்குக்குச் சேட்டை செய்யும். மூளையின் பிடி தளர்வதால் மூத்திரப்பை பாதி நிறையும் முன்பே சுருங்கத் தொடங்கும்.

திருநெல்வேலியில் நாங்கள் பார்க்கும் நரம்பு டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால், "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போறார்?" என்று கேட்டார். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் பழைய நோட்டும் போதும். இரண்டு மூன்று நாள், பகலும் ராத்திரியும், நேரத்தையும் மில்லியையும் எழுத வேண்டும். விடிந்து எழுந்ததும் போகிற முதல் சிறுநீரும் ராத்திரிக் கணக்கில்தான் சேரும். தடவைக்கு நூறு மில்லி போல வந்தால் பையின் பதற்றம் என்று சந்தேகிக்கலாம். முந்நூறு, நானூறு என்று வந்தால் சிறுநீரகமே ராத்திரியில் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. வயதானவர்களுக்கு 24 மணி நேர அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால் அது கணக்கு மீறியது. இவருக்குப் பாதிக்கு மேல் ராத்திரியில்தான் போயிருந்தது.

அதைப் பார்த்துவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பி, "குறட்டை உண்டாம்மா? நடுவுல மூச்சு நிக்குதா?" என்றார். நிற்கும். குறட்டை சட்டென்று அறுந்து, நான் எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். பிறகு திணறலோடு மூச்சு திரும்பும், உடனே எழுந்து ஒண்ணுக்குப் போவார். ஒண்ணுக்கு முட்டியதால்தான் விழித்தார் என்று இருவருமே நினைத்திருந்தோம். தூக்கத்தில் இப்படி மூச்சு நிற்பது குண்டானவர்களுக்குத்தான் வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. இவர் கரிசல்காட்டு வெயிலில் வற்றிய உடம்பு. பார்க்கின்சனில் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது.

மூச்சு நிற்பதற்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு? ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை என்பதால் காரணத்தைத் தோண்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. தூக்கத்தில் தொண்டை தளர்ந்து அடைபட்டிருக்கும்போது நெஞ்சு மூச்சை வலிந்து இழுக்கிறது. அந்த இழுப்பில் இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் மிகுந்துவிட்டதாக நம்பும் இதயம் ஒரு ஹார்மோனைச் சுரந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகிறது. இதயத்துக்கு அப்படி ஒரு சுரப்பு இருப்பதைக் கனடாவில் அடால்ஃபோ டி போல்டு 1981இல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் சிட்னியில் காலின் சல்லிவன், தொண்டை மூடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சி-பேப் முறையைப் பற்றி எழுதினார். காரணத்துக்கும் பரிகாரத்துக்கும் ஒரே வருடம்!

ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு தடைபடுவதை எண்ணுவார்கள்; மணிக்கு 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. இவருக்கு நடுத்தரம். சி-பேப் மெஷின் வந்தது. முதல் வாரங்களில் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டார். பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழக்கியதில்தான் பிடிபட்டது. இப்போது ராத்திரிக்கு ஒன்றிரண்டு தடவைதான் எழுகிறார். முற்றாக நிற்கவில்லை, பார்க்கின்சனின் பங்கு பாக்கி இருக்கிறது.

அந்தப் பாக்கிக்குக் கைவைத்தியம் நிறைய. தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். இந்த வெக்கையில் தண்ணீர் குறைந்தால் ஏற்கெனவே இருக்கும் மலச்சிக்கல் இறுகும். சாயங்காலத்துக்குள் குடிக்க வைத்துவிட்டு, ராத்திரிக் கம்மங்கூழை மத்தியானத்துக்கு மாற்றினேன். கால் வீங்கினால் மத்தியானமே காலை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். வீக்கத்தில் தேங்கிய நீர்தான் ராத்திரியில் சிறுநீராக இறங்குகிறது. இந்த நோயில் சிலருக்குப் படுத்தால் பிரஷர் ஏறும், அதுவும் ராத்திரிச் சிறுநீரைக் கூட்டும்; எழுந்தால் விழும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்குப் பிரஷர் பார்க்க வருகிறவர்களிடம் படுக்கையில் ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையில் ஏறுகிறது என்றால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தலாம்.

மல்லாந்து படுத்தால் மூச்சு அதிகம் நிற்கும், ஆனால் பார்க்கின்சன்காரருக்குப் புரள்வதே கஷ்டம். இடுப்பு படும் இடத்தில் மட்டும் ஒரு பழைய ஆர்ட் சில்க் சேலையை மடித்து விரித்தேன், வழுக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். கட்டில் ஓரம் வரை விரித்தால் உட்காரும்போது ஆளே வழுக்கி விழுவார்.

யூரின் பாட்டிலுக்குத்தான் பெரிய சண்டை. "இதெல்லாம் ஆஸ்பத்திரியில கிடக்கிறவனுக்கு" என்றார். "விழுந்தா நீங்களும் அங்கதான் கிடக்கணும்" என்றேன். கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, தலைசுற்றல் அடங்கிய பிறகு பாட்டில்.

மாத்திரையில் அவசரம் வேண்டாம். மூத்திரப்பையை அடக்கும் பழைய வகைகள், ஆக்சிபியூட்டினின் போன்றவை, மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். மிராபெக்ரானில் அந்தத் தொல்லை குறைவு, பிரஷரைக் கவனிக்க வேண்டும். சிறுநீர் உற்பத்தியையே குறைக்கும் டெஸ்மோபிரெசின் வயதானவர்களின் ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தாக இறக்கிவிடக்கூடும். சில தூக்க மாத்திரைகள் தொண்டையை இன்னும் தளர்த்தும். எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

மெஷின் வாங்குகிறவர்களுக்கு: ஆனி ஆடிக் காற்றில் கரிசல் புழுதி ஃபில்டரை அடைத்துவிடும், அடிக்கடி பாருங்கள். எங்கள் போர் தண்ணீரை ஈரப்பதத் தொட்டியில் ஊற்றினால் உப்பு படியும்; டிஸ்டில்டு வாட்டர்தான். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஈரப்பதச் சூடாக்கியை அணைத்துவிட்டால் பேட்டரி நின்று பிடிக்கும். முதலில் வாடகைக்கு எடுத்து, முகத்துக்கு எந்த மாஸ்க் பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம். நடுங்கும் கைக்குக் காந்தக் கொக்கி மாஸ்க் சுலபம்தான். ஆனால் பேஸ்மேக்கரோ, பார்க்கின்சனுக்காக மூளையில் டிபிஎஸ் கருவியோ வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. பக்கத்தில் படுக்கும் துணைக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான்.