வெடியுப்பும் நல்லெண்ணெயும்

சிவகாசிப் பட்டாசு ஒன்றைக் கொளுத்துகிறீர்கள். காகிதம் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. உள்ளே காற்றுப் புக வழியில்லை. பிறகு மருந்து எப்படி எரிகிறது? ஆக்சிஜனைத் தருவது வெடியுப்பு. நீங்கள் வேதியியலில் படிக்கும் பொட்டாசியம் நைட்ரேட்தான் அது. அலுமினியப் பொடியும் கந்தகமும் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. வெடியுப்பு அவற்றைப் பறித்துக்கொள்கிறது. ஆக்சிஜனேற்றம் என்பது இதுவே.

இது மெதுவாக நடப்பதையும் பார்க்கலாம். பக்கத்தில் உள்ள விருதுநகர் எண்ணெய் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். எண்ணெயைத் திறந்து வைத்தால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அங்கே ஆக்சிஜன் தாக்கும்போது இணையில்லாத எலெக்ட்ரான் கொண்ட 'தனி உறுப்பு' பிறக்கிறது. அது அடுத்த மூலக்கூறைக் கெடுக்கும், அது அதற்கடுத்ததை. சரவெடிதான்!

இங்கே ஒரு புதிர். இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய் விரைவில் கெட வேண்டும். நல்லெண்ணெயில் அவை கடலை எண்ணெயைவிட அதிகம். ஆனாலும் நல்லெண்ணெய்தான் நெடுநாள் தாங்குகிறது. காரணம், எள்ளில் உள்ள செசமாலின். சூடுபட்டால் இதிலிருந்து செசமால் உண்டாகிறது. செசமால் ஒரு ஹைட்ரஜன் அணுவைத் தனி உறுப்புக்குக் கொடுத்து அதை அடக்கிவிடுகிறது. சரத்தின் நடுவே திரியை நறுக்கியது போல! இத்தகைய பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்.

நம் இரத்தக் குழாயிலும் இந்தச் சரவெடி உண்டு. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. சூப்பர் ஆக்சைடு என்னும் தனி உறுப்பு அதை அழித்துவிடும். புகைபிடிப்பவர்களிடம் இது அதிகம். கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களும் சுவருக்குள் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் நுரைபோல் உப்பிச் சுவரிலேயே படிந்துவிடுகின்றன. எல்.டி.எல்.லில் காவல் நிற்பது வைட்டமின் ஈ. களைத்த அதைப் புதுப்பிப்பது நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி.

அப்படியானால் வைட்டமின் ஈ மாத்திரை போதுமே என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. இதயநோய் அபாயம் மிகுந்த 9,500-க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 400 அலகு வைட்டமின் ஈ. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 2000-இல் முடிவு வெளியானது. மாரடைப்பு குறையவில்லை! புட்டி எண்ணெயில் ஒரு பொருள் போதும், உடலோ அப்படியல்ல. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதும் தனி உறுப்புகளின் உதவியால்தான்.

உடலுக்குச் சொந்தக் காவலும் உண்டு. சூப்பர் ஆக்சைடை அடக்கும் நொதியை 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். அது வேலை செய்யச் செம்பும் துத்தநாகமும் தேவை. எள்ளில் இரண்டும் இருக்கின்றன. செக்கில் ஆட்டும்போது அவை எண்ணெயோடு வருவதில்லை, பிண்ணாக்கோடு போய்விடும். எள்ளுருண்டையில் மட்டும் அப்படியே இருக்கும்.