பழைய வீடும் பனிக்காலமும்

அமெரிக்காவின் வடகிழக்கில், பாஸ்டன் நகரத்துக்கு அருகே டெடம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1637க்கும் 1641க்கும் இடையில் கட்டிய ஒரு மரவீடு இன்றும் நிற்கிறது. வட அமெரிக்காவில் எஞ்சியுள்ள மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையது இதுதான். ஃபேர்பேங்க்ஸ் என்ற ஒரே குடும்பத்தினர் எட்டுத் தலைமுறைகளாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, அதில் வாழ்ந்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். ஆனால் அந்த வட்டாரத்தில் நூறு, இருநூறு வயதான மரவீடுகள் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன.

மாணவர்களே! அங்கே ஜனவரி மாதத்துக் கடுங்குளிர் இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 15, 20 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கிவிடும். அத்தகைய இரவில் ஒரு பழைய வீட்டைக் காப்பது எப்படி? விடை உங்கள் இயற்பியல், வேதியியல் பாடங்களிலேயே இருக்கிறது.

கணப்பைச் சுற்றி ஒரு குடும்பம்

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் செங்கல்லால் கட்டிய பெரிய புகைபோக்கி வீட்டின் நடுவே இருக்கும். பகலெல்லாம் சூடேறிய செங்கல், இரவில் அந்த வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைகளுக்குத் திருப்பித் தரும். குளிர்காலத்தில் குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் சமையலறைக் கணப்பின் அருகேதான். சமையல், நூல் நூற்றல், குழந்தைகளின் படிப்பு எல்லாம் அங்கேயே நடக்கும்.

ஆயினும் கணப்பின் எதிரே அமர்ந்தவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும். ஏன்? நெருப்பின் வெப்பம் கதிர்வீசலால் முகத்தை அடைகிறது. அதே சமயம் சூடான காற்று இலேசாகிப் புகைபோக்கி வழியே மேலேறுகிறது. அதன் இடத்தை நிரப்ப, கதவிடுக்கு, பலகை இடுக்கு வழியாக வெளியிலிருந்து குளிர்காற்று நுழைந்து முதுகைத் தாக்குகிறது. இதுதான் வெப்பச்சலனம்.

இக்குறையைப் போக்க முயன்றவர்களில் ஒருவர் ரம்ஃபோர்டு பிரபு. 1753இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். கணப்பின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்தார். கதிர்வீச்சு அறைக்குள் அதிகமாகத் திரும்பியது. புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கியதால் வீணாக வெளியேறும் காற்றும் குறைந்தது.

ஜன்னலுக்கு மேல் ஒரு ஜன்னல்

இலையுதிர் காலம் வந்ததும் வீட்டுக்காரருக்கு வேலை தொடங்கிவிடும். முன்பெல்லாம் அடித்தளச் சுவரைச் சுற்றிச் சருகையும் வைக்கோலையும் குவிப்பார்கள். இடுக்குகளை அடைப்பார்கள். பழைய ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கண்ணாடி ஜன்னலைப் பொருத்துவது இன்றும் உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே அகப்பட்ட காற்று அரிதிற் கடத்தி. கண்ணாடி கடத்தும் வெப்பத்தில் சுமார் 40இல் ஒரு பங்கைத்தான் காற்று கடத்தும். எனவே ஜன்னல் வழியே வெளியேறும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. சருகும் வைக்கோலும் பயன்பட்டதற்குக் காரணமும் அவற்றிடையே அசையாமல் நின்ற காற்றுதான்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் பலவும் பிற்காலத்தில் பொருத்தியவை. சில, குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும். 100 கன சென்டிமீட்டர் நீர் உறைந்தால் சுமார் 109 கன சென்டிமீட்டர் பனிக்கட்டியாகும். குழாயில் ஓரிடத்தில் உருவான பனிக்கட்டி நீண்டு வளரும்போது, தனக்கும் மூடிய திறப்புக்கும் இடையே உள்ள நீரை நெருக்குகிறது. நீரை எளிதில் அமுக்க முடியாதல்லவா? அழுத்தம் ஏறி, குழாய் பனிக்கட்டியே இல்லாத இடத்தில்கூட வெடிக்கலாம். பனிக்கட்டி அடைத்திருக்கும்வரை சேதம் தெரியாது. அது உருகியதும் வீடெங்கும் வெள்ளம்!

ஆகவே கடுங்குளிர் இரவில் குழாயை இறுக மூடாமல் நீர் மெல்லச் சொட்டும்படி விடுகிறார்கள். நீர் ஓடுவதால் உறைவது தாமதமாகிறது. உறைந்தாலும் அழுத்தம் வெளியேற வழி இருக்கிறது. உறைந்த குழாயை நெருப்பு காட்டி உருக்கவே கூடாது. பழைய மரச்சுவர் எளிதில் தீப்பிடிக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் போதும்.

வீடு மூச்சுவிட வேண்டும்

அப்படியானால் எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் அபாயம் இருக்கிறது. விறகோ, கரியோ, எரிவாயுவோ போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் எளிதாகச் சேர்கிறது. உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றும். தூங்குபவருக்கோ அவையும் தெரியாமல் உயிர் பிரியும்.

இதனால்தான் அங்கே ஆண்டுதோறும் புகைபோக்கியைத் துடைக்கிறார்கள். உள்ளே படியும் தார் போன்ற பிசுக்கு புகையின் வழியை அடைப்பதோடு, தீயும் பற்றக்கூடியது. பனி பொழிந்தபின், சூடேற்றும் கருவியின் புகைக்குழாய் வெளியே பனியால் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியைப் படுக்கையறை அருகே வைக்கிறார்கள்.

இது அமெரிக்கர்களுக்கு மட்டுமான பாடம் அன்று. நம் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் குளிருக்குப் பயந்து, மூடிய அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. மலையூருக்கு நீங்கள் செல்லும்போது, படுக்குமுன் கரியடுப்பை வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி போதும்.

செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் குப்பியில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, நீர்மட்டத்தில் கோடிடுங்கள். மூடாமல் குளிர்பதனப் பெட்டியின் உறையறையில் ஓரிரவு வையுங்கள். கண்ணாடிக் குப்பி வேண்டாம். காலையில் பனிக்கட்டி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். கண்ணாடிக் குப்பி ஏன் கூடாது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.